பதினெட்டுக் கேள்விக்குறிகள்

ஜனவரி 9

அக்காவுக்கு,

மூன்று முறை போனில் கூப்பிட்டேன். மூன்று முறையும் நீ எடுக்கவில்லை. நான்காவது முறையும் கூப்பிட்டு அவமானப்பட எனக்கு விருப்பமில்லை. மெயில் அனுப்பினால் திறந்தே பார்க்க மாட்டாய். அதனால்தான் பேப்பரும் பேனாவும்.

நேற்று பக்கத்து வீட்டு டீச்சர் என்னிடம் பேசினார். அம்மா போவதற்கு முந்தைய வாரம் வீட்டு முன்னறையில் இருக்கிற உன் கடைக் கம்ப்யூட்டரில் எனக்கென்று ஏதோ எழுதி வைத்தாளாம். "உனக்குத்தான்பா எழுதினாங்க. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். என்னன்னு எட்டிப் பாக்கல" என்றார். குரல்வளையை எடுத்த பிறகு அம்மா பேசியதெல்லாம் கட்டிலருகே நீ இழுத்து மாட்டிக் கொடுத்த அந்தக் கீபோர்டு வழியாகத்தான் என்று எனக்கும் தெரியும். அப்படியென்றால் அது அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. அம்மா போய் நான்கு மாதமாகிறது. நான்கு மாதமாக நீ வாயைத் திறக்கவில்லை.

காரியத்துக்கு நான் வரவில்லை என்ற கோபம் உனக்கு இருக்கலாம். அந்த வாரம் புராஜெக்ட் முடிகிற வாரம், என்னால் நகர முடியவில்லை என்று அப்போதே சொன்னேன். அதைத் திரும்பவும் விளக்கப் போவதில்லை.

எனக்கு வேண்டியது இதுதான். அந்தக் கோப்பை ஒரு பென் டிரைவில் போட்டு அனுப்பு. அனுப்பிய பிறகு உன் கம்ப்யூட்டரில் இருப்பதை அழித்துவிடு. ஒரு பிரதிகூட உன்னிடம் இருக்கக் கூடாது. உன்னை நம்பவில்லை என்று இல்லை. ஆனால் நீ கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும் அடித்துக் கொடுக்கிற கடைக்காரி. வருகிறவன் போகிறவன் எல்லாம் உன் திரையை எட்டிப் பார்ப்பான். அம்மா எனக்கு எழுதியதை நான் மட்டும்தான் படிக்க வேண்டும்.

நீ அதைப் படித்துவிட்டாயா? உண்மையைச் சொல்.

தம்பி


ஜனவரி 21

தம்பிக்கு,

நலமா என்று நீ கேட்கவில்லை. நானும் கேட்கப் போவதில்லை. இரண்டு பேருக்கும் ஒரு வரி மிச்சம்.

கேட்டபடியே செய்தாயிற்று. கோப்பு இந்தக் கவரில் இருக்கிற பென் டிரைவில் இருக்கிறது. கடைக் கம்ப்யூட்டரில் இருந்ததை டீச்சரைப் பக்கத்தில் நிற்க வைத்து அழித்தேன். அழித்த இடத்தில் ஒரு காலண்டர் வேலையை ஏற்றியும் விட்டேன். இனி நீ நிம்மதியாக இருக்கலாம். எந்த வருகிறவனும் போகிறவனும் எட்டிப் பார்க்க மாட்டான்.

துரை படித்த படிப்புக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், பிறகு பழி என் தலையில் விழக் கூடாது. கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒரு பைட்டில் 256 எண்கள்தான் அடங்கும். அதில் முதல் பாதியை ஆங்கில எழுத்து, 1, 2, 3, புள்ளி, இடைவெளி என்று நமக்கு முன்னாலேயே பங்கு போட்டுக்கொண்டார்கள். மிச்சம் 128 இடம். அதற்குள் தமிழ் முழுவதையும் உட்கார வைக்க வேண்டும். ஒவ்வொரு கடைக்காரனும் அவனவன் இஷ்டத்துக்கு உட்கார வைத்தான். நான் என் இஷ்டத்துக்கு வைத்தேன். க், கி, கு என்று ஒட்டி நிற்பது ஒவ்வொன்றுக்கும் ஒரே இடம், ஒரே பைட். காலும் கொம்பும் தள்ளி நிற்கிறவை, அவற்றுக்குத் தனித்தனி பைட். உன் யூனிகோடில் ஒரு 'கி'க்கு ஆறு பைட் செலவாகுமாம். அம்மாவுக்கு ஒன்று போதுமாக இருந்தது.

எந்த எண்ணில் எந்த எழுத்து உட்கார்ந்திருக்கிறது என்பது என் எழுத்துருவுக்கு மட்டும்தான் தெரியும். அதையும் அதே பென் டிரைவில் பக்கத்துக் கோப்புறையில் வைத்திருக்கிறேன். முதலில் எழுத்துருவை ஏற்று. அதற்குப் பிறகு கோப்பைத் திற. அதற்கு முன்னால் எந்த மெஷினும் அதைத் திருத்துகிறேன், சுத்தம் செய்கிறேன் என்று கை வைக்க விடாதே.

படித்தேனா என்று கேட்டாயே. படித்தேன். மூன்றே வரி.

என்ன எழுதியிருப்பாள் என்று யோசிக்கிறாயா? யோசி. போன மே மாதம் நான்கு நாள் லீவில் வந்தாய். "நான் பாத்துக்கறேன், நீ போய்ட்டு வாக்கா" என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னாய். அதை நம்பி நானும் வீட்டுக்காரரும் நாத்தனார் வீட்டுக்கு இரண்டு நாள் போனோம். மறுநாள் சாயங்காலம் உனக்கு ஆபீஸ் மீட்டிங். அம்மா உன்னைக் கூப்பிட வேண்டி கீபோர்டைத் தட்டியிருக்கிறாள். பழைய கீபோர்டு, தட்டினால் தெருவுக்கே கேட்கும். அவளுக்கு வேறு குரல் இல்லை. நீ வயரைப் பிடுங்கி, கீபோர்டை அலமாரிக்கு மேலே தூக்கி வைத்தாய். அவளால் எழுந்து நிற்கவே முடியாது. மீட்டிங் முடிந்தது, விமான டிக்கெட்டை முன்கூட்டியே மாற்றிக்கொண்டாய், பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய்.

நீ போன 19 மணி நேரம் கழித்து நான் வந்தேன். டம்ளரைக் கட்டில் சட்டத்தில் தட்டித் தட்டி அதன் விளிம்பு நசுங்கியிருந்தது. யாரோ பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாராம். படுக்கை முழுக்க நனைந்திருந்தது. தண்ணீர் கொடுக்கப் போனேன். அவள் வாயைத் திறக்காமல் அலமாரி மேலே கையைக் காட்டினாள்.

போனில் கேட்டதற்கு "மறந்துட்டேன்க்கா" என்றாய். அதோடு முடித்துக்கொண்டாய். அம்மா முடித்துக்கொண்டாளா இல்லையா என்று நீயே படித்துத் தெரிந்துகொள்.

அக்கா


பிப்ரவரி 11

அக்கா,

இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நான்கு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

கோப்பு போய்விட்டது.

கோப்பு இருக்கிறது. ஆனால் உள்ளே எழுத்து இல்லை. எங்கள் ஆபீஸுக்குப் பல இடங்களிலிருந்து பெயர், முகவரிப் பட்டியல்கள் வரும். சிலது இருபது, முப்பது வருடப் பழசு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கணக்கில் எழுத்தைப் பைட்டாக்கியிருக்கும். அவற்றைச் சுத்தம் செய்ய நான் ஒரு நிரல் எழுதி வைத்திருக்கிறேன். அதற்குத் தெரிந்தது அந்த முதல் பாதி 128 மட்டும்தான். அதற்கு மேல் எந்த எண் வந்தாலும் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியைப் போட்டு, பழையதற்கு மேலேயே சேமித்துவிடும். பென் டிரைவைச் செருகியதும் "சுத்தம் செய்யவா?" என்று கேட்டது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்கும், நாற்பது தடவையும் நான் சரி என்று தட்டுவேன். தட்டிவிட்டேன்.

உன் குறிப்பை நான் படிக்கவில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன். எண், பைட் என்று பார்த்ததுமே, கடைக்காரி எனக்குப் பாடம் எடுக்கிறாளா என்று மடித்து வைத்துவிட்டேன். எல்லாம் போன பிறகுதான் பிரித்துப் படித்தேன்.

மீட்க முடியுமா என்று எங்கள் ஆட்களிடம் காட்டினேன். கையை விரித்துவிட்டார்கள். கிறுக்கலாகத் தெரிந்திருந்தாலாவது திருப்பிக்கொண்டு வரலாம். இதில் க, ம, கால், கொம்பு எல்லாம் ஒரே கேள்விக்குறியாகிவிட்டது. எது எதுவாக இருந்தது என்று உள்ளே எந்தத் தடயமும் இல்லை.

இடைவெளியும் புள்ளியும் முதல் பாதியில் இருப்பதால் தப்பித்துவிட்டன. எண்களும் அப்படித்தான். முதல் வரியில் கேள்விக்குறிகளுக்கு நடுவில் ஓர் எண் நிற்கிறது. 19. அம்மா எனக்கு எழுதியதில் என்னால் படிக்க முடிவது அது ஒன்றுதான்.

கடைசி வரி இப்படி இருக்கிறது:

?? ??? ???? ????? ????.

நீ படித்திருக்கிறாய். உலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும். அம்மா என்னை மன்னித்தாளா இல்லையா? அதை மட்டும் சொல். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 24

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் சிரித்தேன். கடையில் பத்திரிகை அடிக்க வந்தவர்கள் பயந்துபோகிற அளவுக்குச் சிரித்தேன். ஒரு பிரதிகூட வைத்துக்கொள்ளக் கூடாது என்று உத்தரவு போட்ட ஆள், ஒரு தட்டில் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு நிற்கிறாய். நன்றாக வேண்டும் என்றுதான் தோன்றியது. இரண்டு நாள் அந்தச் சந்தோஷத்தில் இருந்தேன், மறைக்கவில்லை.

மூன்றாம் நாள் அந்தக் கேள்விக்குறி வரியைத் திரும்பப் பார்த்தேன். அம்மா அதை அடித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். வலது கையில் இரண்டு விரல்தான் அப்போது வேலை செய்தது. ஒரு எழுத்து அடித்துவிட்டு மூச்சு வாங்குவாள். அப்புறம் அடுத்த எழுத்து. நாற்பது வருடம் ஆபீஸில் டைப் அடித்தவள், அந்த மூன்று வரிக்கு ஒரு பகல் முழுக்க எடுத்துக்கொண்டாள். அதை நினைத்ததும் உன் மேல் இருந்த வெறி கொஞ்சம் இறங்கிவிட்டது. எனக்கே என் மேல் எரிச்சல்.

சரி, கேட்டுக்கொள். முதல் வரி அந்த நாளைப் பற்றியது. இரண்டாவது வரி என்னைப் பற்றியது, அது உனக்கு வேண்டாம். மூன்றாவது வரிதான் உனக்கு. "என் பிள்ளை வேலை அவசரத்தில் தெரியாமல் செய்ததை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை, அவன் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்" என்று எழுதியிருந்தாள்.

சொல்லிவிட்டேன். போய் உன் வேலையைப் பார். சாப்பிடு, தூங்கு. என்னை இதற்கு மேல் கேட்காதே.

அக்கா


மார்ச் 8

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கு நான் அழுதேன். அப்புறம் உட்கார்ந்து எண்ணினேன்.

நீ சொன்ன வாக்கியத்தில் பதினான்கு வார்த்தை இருக்கிறது. கோப்பில் மூன்றாவது வரியில் ஐந்தே வார்த்தைதான். முதல் வார்த்தை இரண்டு பைட், இரண்டாவது மூன்று, அப்புறம் நான்கு, ஐந்து, நான்கு. மொத்தம் பதினெட்டு. ஒட்டி நிற்பது ஒன்று, தள்ளி நிற்பது தனி என்று நீதானே எழுதினாய். உன் கணக்கை வைத்தே எண்ணினேன். நீ சொன்னதில் "மனதில் வைத்துக்கொள்ளவில்லை" என்பதற்கு மட்டுமே அந்தப் பதினெட்டு பைட்டும் தீர்ந்துவிடுகிறது. எழுத்தை அழித்துவிட்டேனே தவிர, அளவை நான் அழிக்கவில்லை. இதுகூடத் தெரியாமல் பொய் சொல்லியிருக்கிறாய்.

ஏன் பொய் சொன்னாய்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அம்மா என்னைப் பற்றி ஏதோ உயர்வாகத்தான் எழுதியிருக்கிறாள். அதை அப்படியே கொடுக்க உனக்கு மனசு வரவில்லை. போனால் போகட்டும் என்று நீயே ஒரு பிச்சையைச் சமைத்துப் போட்டிருக்கிறாய். சின்ன வயதிலிருந்தே நீ இப்படித்தான். அவளை எனக்கு ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை. உனக்குப் பிள்ளை இல்லை. அதனால் படுத்துக் கிடந்த அம்மாவையே பிள்ளையாக்கி மடியில் போட்டுக்கொண்டாய். ஊரே உன்னைத் தெய்வம் என்றது. நான் நான்கு நாள் இருக்க வந்ததுகூட உனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் நான் வந்ததும் கிளம்பிப் போனாய், ஏதாவது தப்பு நடக்கட்டும் என்று.

எனக்கு உன் இரக்கம் வேண்டாம். அம்மாவின் வரி வேண்டும். இனி நீ எதைச் சொன்னாலும் எண்ணிப் பார்ப்பேன். 2, 3, 4, 5, 4. இதில் பொருந்தினால் நம்புவேன். மனுஷர்கள் பொய் சொல்லலாம், பைட் பொய் சொல்லாது.

தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

ஆமாம், பொய்தான் சொன்னேன். ஒருத்தர் மேல் இரக்கப்படும்போது நான் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்தப் புத்தி எனக்கு இல்லாமல் போய்விட்டது.

பிள்ளை இல்லாதவள் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை என் வீட்டுக்காரரும் படித்தார். "இதுக்கெல்லாம் பதில் போடாத, விட்டுடு" என்றார். நானும் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். தப்பு நடக்கட்டும் என்று கிளம்பிப் போனேன் என்றாயே, அதைப் படித்த பிறகு விட முடியவில்லை. வீட்டில் ஒரு மகன் இருக்கிறான் என்று நம்பித்தான் போனேன். அது மட்டும்தான் என் தப்பு.

உனக்கு எண் வேண்டும், இல்லையா? நான் இருபத்திரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இவ்வளவு அகலக் கட்டத்துக்குள் இந்த விஷயம் வர வேண்டும் என்று தினமும் யாராவது வந்து நிற்பார்கள். நீளமாக இருந்தால் குறைப்பேன், இடம் மிச்சமிருந்தால் கூட்டுவேன், கேட்ட அளவுக்கு அரை எழுத்துகூடப் பிசகாமல் வார்த்தையைக் கோர்ப்பேன். அம்மாவிடம் கற்றதில்லை, வயிற்றுப்பாட்டுக்கு நானே கற்றது. நீ உன் கடைக்காரி அக்காவை இந்த விஷயத்தில் கொஞ்சம் குறைவாக எடை போட்டுவிட்டாய்.

இதோ ஒரு வரி:

உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

இதோ இன்னொரு வரி:

உன் முகம் எனக்கு மறந்தே விட்டது.

நிதானமாக எண்ணிக்கொள். இரண்டிலும் ஐந்து வார்த்தை, இரண்டிலும் 2, 3, 4, 5, 4. இரண்டிலும் பதினெட்டு பைட். கடைசியில் புள்ளி. உன் நிரலுக்குள் போட்டுப் பார், இரண்டும் ஒரே கேள்விக்குறி வரியாக வெளியே வரும்.

இதில் ஒன்று அம்மா ஒரு பகல் முழுக்க மூச்சு வாங்கி அடித்ததில் மூன்றாவது வரி. இன்னொன்று இன்று காலை, ஒரு விசிட்டிங் கார்டு வேலைக்கு நடுவில் நான் கோர்த்தது. கால் மணி நேரம் ஆனது. எது எது என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் நீ நம்பப் போவதில்லை, எண்ணத்தான் போகிறாய்.

பைட் பொய் சொல்லாது என்றாயே, இரண்டு வரியையும் நம்பு.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

இரண்டும் பொருந்துகிறது. விரல் விட்டு எண்ணினேன், நிரல் எழுதியும் எண்ணினேன். இரண்டும் பொருந்துகிறது.

காலையில் எழுந்ததும் முதல் வரிதான் உண்மை என்று தோன்றுகிறது. பல் தேய்த்து முடிப்பதற்குள் இரண்டாவதுதான் என்று ஆகிவிடுகிறது. ஆபீஸில் யாராவது ஏதாவது கேட்டால் அவர்கள் பேசியதன் எழுத்துகளை எண்ண ஆரம்பித்துவிடுகிறேன். நேற்று என் மேனேஜர், "உடம்பு சரியில்லையா? வேணும்னா வீட்டுக்குப் போங்க" என்றார். வீட்டில் போய் என்ன செய்வது?

போன கடிதத்தில் நான் எழுதியதெல்லாம் நாக்கில் நரம்பில்லாமல் எழுதியது. அதற்கு மன்னிப்பு கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் நீ மனம் இரங்குவாய் என்று நினைத்துத்தான் சொல்கிறேன், அதையும் மறைக்கவில்லை.

கீபோர்டை நான் மறக்கவில்லை, அக்கா.

மீட்டிங் முடிந்து ஷூ போட்டுக்கொண்டிருந்தேன். கார்க்காரன் வாசலில் ஹாரன் அடித்தான். அம்மா கையைத் தூக்கி அலமாரி மேலே காட்டினாள். நான் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். எடுத்துக் கொடுத்தால் ஏதாவது அடிக்க ஆரம்பிப்பாள். ஒவ்வொரு எழுத்தாக அடிப்பாள். முடிகிறவரைக்கும் நின்று படிக்க வேண்டும், பதில் சொல்ல வேண்டும். கார் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேல், என்ன அடிப்பாள் என்று எனக்குத் தெரியும். போகாதே என்றுதான் அடிப்பாள். அதைப் படித்துவிட்டுப் போக என்னால் முடியாது. "நாளைக்கு அக்கா வந்து எடுத்துக் குடுப்பாம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். சாத்திய பிறகு டம்ளர் சத்தம் கேட்டது. காரில் ஏறிவிட்டேன்.

மறந்துவிட்டேன் என்று உன்னிடம் சொன்னது பொய். பத்து மாதமாக அதையே சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மை மாதிரி ஆகியிருந்தது. அம்மா அதை மறதி என்று நினைத்துப் போயிருந்தால் போதும். நான் வேண்டுமென்றே செய்தது அவளுக்குத் தெரியாமல் இருந்தால் போதும்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், என்னிடம் இனி மறைக்க எதுவுமில்லை. இரண்டில் எது அம்மாவுடையது? சொல்லிவிடு. எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 15

தம்பிக்கு,

நீ எழுதியது எனக்குப் புதிதில்லை. ஷூ, ஹாரன், அவள் கை காட்டியது, நீ பார்த்தது, கதவைச் சாத்துவதற்கு முன்னால் நீ சொன்ன வார்த்தை எல்லாம் முதல் வரியிலேயே இருந்தது. நீ மறக்கவில்லை என்று அம்மாவுக்குத் தெரியும்.

அது தெரிந்துதான் மூன்றாவது வரியை அடித்தாள்.

இனி எனக்கு எழுதாதே.

அக்கா